டைட்டானிக் ரெண்டா உடைஞ்சுதா? நேர்ல பாத்தவங்க சாட்சிய எடை போடும்போது பண்ணக்கூடாத தப்புங்க

ஒரு பழைய சம்பவத்த நேர்ல பாத்த ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா, இதுல யாரு பெரிய ஆளுனு பாத்து அவர் பக்கம் சாஞ்சிடுறோம். என்னக் கேட்டா இருக்கறதுலயே மோசமான தப்பு இதுதான்.

1912 ஏப்ரல் 15, விடியக்காலை 2:20க்கு டைட்டானிக் முழுகுச்சு. கவுந்து கெடந்த ஒரு படகு மேல ஏறி உயிர் தப்பினவங்கள்ல ஒருத்தர் கப்பலோட செகண்ட் ஆபீசர் லைட்டோலர், இன்னொருத்தர் ஜாக் தேயர்னு 17 வயசுப் பையன். அதே ராத்திரி, அதே படகு. கப்பல் முழுசாத்தான் போச்சு, உடையவே இல்லைனு லைட்டோலர் அடிச்சு சொன்னார், தேயரோ இல்ல ரெண்டா உடைஞ்சுதுன்னார், மாலுமிங்க சில பேரும் உடைஞ்சதப் பாத்தோம்னு சாட்சி சொன்னாங்க, ஆனாலும் பிரிட்டிஷ் விசாரணை லைட்டோலர் பேச்சத்தான் எடுத்துக்கிச்சு. அந்த விசாரணையில மூணாம் வகுப்புப் பயணி ஒருத்தரக்கூட கூப்பிட்டு கேக்கல, அத நெனச்சா இன்னும் மனசு ஆறல.

1985ல கடல் ஆராய்ச்சியாளர் ராபர்ட் பல்லார்ட் டீம் சுமார் 3,800 மீட்டர் ஆழத்துல கப்பலக் கண்டுபிடிச்சாங்க. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி சுமார் 600 மீட்டர் தள்ளி. தான் சொன்னது சரின்னு தெரியாமலே தேயர் 1945ல இறந்துட்டார்.

சரி, அப்போ லைட்டோலர் பொய்யர்னு முடிவு கட்டலாமா? அதுவும் தப்பு. நிலா இல்லாத ராத்திரி, கப்பல்ல லைட்டும் போயிடுச்சு, அவர் ஐஸ் தண்ணியில உயிருக்குப் போராடிட்டு வந்த ஆளு, அவர் கண்ணுக்கு நெஜமாவே தெரியாம போயிருக்கலாம். அதே நேரம் அவர் கம்பெனி சம்பளம் வாங்கினவர், விசாரணையில பூசி மெழுக வேண்டியிருந்துச்சுனு பின்னாடி அவரே 1935ல எழுதுன புத்தகத்துல ஒத்துக்கிட்டார். ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்.

ஒரு இடத்துல தப்புனா மொத்த சாட்சியும் குப்பைனு தூக்கிப் போடுறதும் வேணாம். தேயர் சொன்னத வச்சு, தப்பிச்சவங்கள ஏத்திக்கிட்டுப் போன கார்பதியா கப்பல்ல இன்னொரு பயணி வரஞ்ச படத்துல, உடைஞ்ச முன்பாதி திரும்ப தண்ணிக்கு மேல எழும்பி நிக்கும். அது நடக்கல. ஆனா உடைஞ்சது நடந்துச்சே!

தலைய எண்ணி முடிவு பண்ணாதீங்க. தப்பிச்சவங்க எல்லாரும் நியூயார்க் போய் சேர்ற வரைக்கும் மூணு நாளுக்கு மேல ஒரே கப்பல்ல உக்காந்து இதத்தான் பேசிட்டு வந்தாங்க, அதனால பத்து பேர் ஒரே மாதிரி சொன்னா அது பத்து சாட்சியா இல்ல ஒருத்தர் சொன்னதத்தான் பத்து பேரும் சொல்றாங்களானு பாக்கணும்.

அப்புறம், அந்த ஆள் அந்த நேரத்துல எங்க இருந்தார்? கடைசி வரைக்கும் கப்பல்ல இருந்த வயர்லெஸ் ஆபரேட்டர் ஹரால்ட் பிரைட், கப்பல் பேண்ட் கடைசியா வாசிச்சதா ஒரு பாட்ட சொன்னார். உலகம் நம்புறது வேற ஒரு பக்திப் பாட்ட. அத பேப்பர்காரங்ககிட்ட சொன்னவங்கள்ல ஒரு அம்மா, கப்பல் முழுகறதுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல முன்னாடியே படகுல எறங்கிப் போனவங்க.