டூயல் ஸ்போர்ட் பைக்கின் ஸ்பாஞ்சு ஏர் ஃபில்டரைக் கழுவுவதும் மாற்றுவதும்

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடும் டூயல் ஸ்போர்ட் பைக்குகளில் என்ஜினின் ஆயுள் பெரிதும் ஏர் ஃபில்டரைப் பொறுத்தது. பாதைப் புழுதியில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் மிகக் கடினமானவை. அவை உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைத்துத் தேய்த்துவிடும். அதன்பின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) குறையும், என்ஜின் ஆயில் எரியும், சைலன்சரில் நீலப்புகை வரும். அடைத்துக்கொண்ட ஃபில்டர் தரும் தொல்லை வேறு: பைக் இழுவை குறையும், கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் கலவை கூடிப்போய் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 போன்றவற்றில் மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர் இருக்கிறது. உலர்ந்த காகிதமாக இருந்தால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்துத் தூசியை நீக்கலாம். ஆலையிலேயே எண்ணெய் பூசி வரும் காகித ஃபில்டரைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, நேரம் வந்ததும் மாற்றிவிட வேண்டும். சுசுகி டிஆர்-இசட்400எஸ், கவாசாகி கேஎல்ஆர்650 ஆகியவற்றில் இருப்பது எண்ணெய் பூசிய ஸ்பாஞ்சு ஃபில்டர். இனி வருபவை அந்த வகைக்கானவை.

ஸ்பாஞ்சின் துளைகள் நுண்ணிய தூசியைவிடப் பெரியவை. ஆகவே தூசியைப் பிடித்து நிறுத்துவது ஸ்பாஞ்சு மட்டுமல்ல, அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெயும்தான். கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசாமல் மாட்டிய ஃபில்டர் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் புழுதியைத் தாராளமாக உள்ளே விடும்.

ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸின் மூடியைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஃபில்டரை வெளியே எடுக்கும்போது குலுக்காமல், ஒட்டியிருக்கும் மணல் என்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் உதிராதபடி சாய்த்து எடுக்க வேண்டும். அடுத்து, அந்தக் குழாயின் உட்சுவரில் சுத்தமான விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று எதுவும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஃபில்டரின் விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை அல்லது எண்ணெய் போதவில்லை என்று பொருள். பிறகு குழாயின் வாயைப் பளிச்சென்ற நிறத்துணியால் அடைத்துவிட்டு, பாக்ஸின் உட்புறத்தைத் துடைத்து, அடியில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் வடித்துவிடலாம்.

ஸ்பாஞ்சை அதன் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து கழற்றி, கையுறை அணிந்து, மண்ணெண்ணெயில் அல்லது இதற்கென்று விற்கும் கிளீனரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்: அது எளிதில் தீப்பற்றும், பசை போட்டு ஒட்டிய தையலையும் இளக்கிவிடும். துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் தையல் கிழியும் என்பதால் உள்ளங்கைகளுக்கிடையே அழுத்துவதே முறை. பழைய எண்ணெய் போனபின் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கொண்டு கழுவி, தண்ணீரை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக விட்டு அலசி, நிழலில் முழுமையாகக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் மிஞ்சினால் அந்த இடத்தில் எண்ணெய் பிடிக்காது. கழுவிய மண்ணெண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுவது நல்லது.

காய்ந்த ஸ்பாஞ்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கிழிசல், தையல் விட்ட இடம், அமுக்கினால் துகளாக உதிர்வது, விறைத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் புதியதை வாங்க வேண்டும். ஒட்டிச் சமாளிப்பதில் பயனில்லை. புதியதையும் எண்ணெய் பூசித்தான் மாட்ட வேண்டும். பூசி விற்கப்படுகிறதா என்பதை உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பூசுவதற்கு எளிய வழி, ஸ்பாஞ்சை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஸ்பாஞ்சு ஃபில்டருக்கென்றே விற்கும் ஃபோம் ஃபில்டர் ஆயிலை ஊற்றிப் பிசைவதுதான். பல ஃபில்டர் ஆயில்களில் நிறம் கலந்திருப்பதால் எண்ணெய் படாத இடம் வெளிறித் தெரியும். அந்த இடத்தையும் நிறம் ஒன்றுபோல் ஆகும்வரை பிசைய வேண்டும். மிகுதியை அமுக்கி வெளியேற்றுங்கள்: சொட்டும் அளவுக்கு இருந்தால் காற்று தடைபடும். கரைப்பான் கலந்த ஆயிலாக இருந்தால் அது ஆவியாகிப் பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்து மாட்டுவதே சரி.

என் கருத்தில், பலர் அவசரப்படும் இடம் மாட்டும் கட்டம். ஏர் பாக்ஸில் அழுந்தி உட்காரும் விளிம்பில் தண்ணீரில் கரையாத கிரீஸை மெல்லிய வளையமாகப் பூசுங்கள். அடைப்புத் துணியை எடுத்துவிட்டு, ஃபில்டரை அதன் இடத்தில் வைத்து, விளிம்பு முழுவதையும் விரலால் சுற்றித் தடவி மடிப்போ இடைவெளியோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் விளிம்பு நெளிந்து தூக்கிக்கொள்ளும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதை வண்டியின் கையேடு சொல்லும். ஆனால் அந்தக் கணக்கு சாதாரணச் சாலைக்கானது. முன்னே செல்லும் வண்டியின் புழுதியை வாங்கிக்கொண்டே நாள் முழுதும் ஓட்டினாலோ, ஆற்றைக் கடக்கும்போது ஏர் பாக்ஸுக்குள் தண்ணீர் புகுந்தாலோ அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டும். நெடும்பயணத்தில் எண்ணெய் பூசிய மாற்று ஸ்பாஞ்சு ஒன்றை மூடிய பையில் எடுத்துச் சென்றால், வழியில் கழுவிக் காயவைக்கும் வேலை இராது.