கடல்நீர் பட்ட கேமராவை ஆன் செய்து பார்க்காதீர்கள்

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் ஒரு அலை எகிறி வந்து கேமராவை நனைத்துவிட்டால், பலரும் முதலில் ஸ்விட்சைத்தான் தட்டுவார்கள். 'வேலை செய்கிறதா?' என்ற பதற்றம்தான். ஆனால் கேமராவைக் கொல்வது அந்தத் தட்டல்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மின்சாரம் அதில் தாராளமாகப் பாயும். ஈரமான போர்டில் பேட்டரியின் மின்சாரம் ஓடினால், செம்புத் தடங்கள் மளமளவென்று அரித்துப்போகும்.

உடனே அணைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்தெடுங்கள். அப்புறம் தாமதிக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பது வீண் வேலை. ஈரம் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும், காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

'என்னுடையது வாட்டர்ப்ரூஃப்' என்ற தைரியமும் ஆபத்துதான். கேமராவில் ஐபி67 என்ற தரக் குறியீடு இருந்தால் 1 மீட்டர் ஆழத்தில், அசையாத நல்ல தண்ணீரில், 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். அலையின் அடியும் உப்பும் அந்தச் சோதனையில் கிடையாது. ஒருமுறை கீழே விழுந்த கேமரா என்றால் அதன் ரப்பர் சீலை நம்பவே வேண்டாம். கடலில் இறக்கிய ஆக்‌ஷன் கேமராவை, மூடிகளை இறுக மூடி, நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். தனுஷ்கோடிக்குப் போகும்போது வண்டியில் ஒரு பாட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

அடுத்த எதிரி மணல். கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் ஆடி மாதத்தில், தனுஷ்கோடி வழியில் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் ரோட்டிலேயே மணல் ஓடும். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், காருக்குள் மாற்றுங்கள். லென்ஸில் படிந்த மணலைச் சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடியின் பூச்சில் கீறல் விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ப்ளோயரால் ஊதித் தள்ளியபிறகே துணி. ஜூம் வளையம் நறநறத்தால், அதற்குமேல் ஒரு சுற்றுகூடத் திருப்ப வேண்டாம்.

டிரைபாடை அலை தொடும் இடத்தில் ஊன்றிவிட்டு நகராதீர்கள். திரும்பும் அலை காலடி மணலை அரித்துவிடும், டிரைபாட் சாய்ந்துவிடும்.

ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்கியிருந்தால், விடியற்காலையில் வெளியே வந்ததும் கேமராவை எடுக்காமல் அரை மணி நேரம் பைக்குள்ளேயே மூடி வையுங்கள். இல்லையென்றால் லென்ஸில் பனி கோத்துக்கொள்ளும்.

கேமரா போனாலும் மெமரி கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். அதை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள்.