முதல் வேலைக்குப் போகும் தம்பி தங்கச்சிகளுக்கு

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர் பத்தாங் பெர்சுந்தைக்கு பெஸ்தாரி ஜெயா என்று 2007-ல் பெயர் மாற்றியாயிற்று. ஆனால் இங்கே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள், கூடவே "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது" என்பதையும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடிவதற்குள் ரவாங் பக்கத் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். மூன்றாம் மாதம் அதே பஸ்ஸில் பாதிப் பேரைக் காணோம் என்பதையும் பார்க்கிறேன். வேலையில் நிலைக்கிற பழக்கம் இன்னும் கைவரவில்லை, அவ்வளவுதான். எப்படிக் கைக்குக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நேரம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டில் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு, நெற்றி விளக்கோடு தன் மர வரிசையான நிரைக்குள் இறங்கிவிடுவார். கங்காணிக்குப் பயந்துதான் இந்த ஓட்டம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய் ஓட்டம் தளர்ந்துவிடும். பிந்தி வெட்டினால், பால் சுமக்கும் காண்டா வாளி காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் வேலையிலும் அந்த நேரம் ஏன் அந்த நேரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழு மணிக்கு நீங்கள் வராவிட்டால் ராத்திரி ஷிஃப்ட் ஆள் மெஷினை விட்டு நகர முடியாது, அவருக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வேலை இருக்கலாம். இது தெரிந்த பிறகு அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்க மனசு வராது. சரி, வரத்தான் செய்யும், ஆனால் கொஞ்சம் கூசும்.

சீருடை, வேலை அட்டை, சாப்பாட்டு டப்பா, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், எல்லாம் முந்தின ராத்திரியே. அம்மா கத்தியைச் சாயங்காலமே தீட்டி வைத்துவிடுவார்.

அப்புறம் அளவு, இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பால்மரத்தில் ஒவ்வொரு முறையும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அதே மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதும் அதற்கு ஓய்வு கொடுக்கத்தான். புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதம் கிடைத்த ஓவர்டைம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, மூன்றாம் மாதம் எம்சி மேல் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முண்டுதான் ஞாபகம் வரும். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படியான வேலை நேரம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாதவர்களுக்குச் சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. ஆகவே கணக்கைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதால் உழைப்பாளி என்ற பெயர் கெட்டுவிடாது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த நம் பெரியவர்கள் கேட்கத் தயங்கியே நிறைய இழந்தார்கள்.

இப்போது என் கதை. முதல் தொழிற்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷின் சூட்டைப் பார்த்து தாளில் எழுத வேண்டும். நான் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொத்தமாக நிரப்புவேன், 82, 81, 82 என்று அழகாக. ஒரு நாள் சூப்பர்வைசர் தாளைக் காட்டி, "மூணு மணிக்கு இந்த மெஷின் கெட்டுப் போய் நின்னுச்சே, 82 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் வலித்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் என் தாளை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தார். ஆகவே பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்க மறந்துவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, மறந்துவிட்டேன் என்று வாயால் சொல்லிவிடுங்கள். திட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பிந்தப் போகிறீர்கள் என்றால் பஸ்ஸைத் தவறவிட்ட உடனே போன் போடுங்கள், கேட் வாசலில் நின்றுகொண்டு போடாதீர்கள். வேலை நேரத்தில் அந்த போன் லாக்கரில் இருக்கட்டும். புரியாததை முதல் வாரத்திலேயே கேளுங்கள், நான்காம் மாதம் கேட்க வெட்கமாகிவிடும்.

ஓய்வு நாளை முழுசாக எடுங்கள். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. அன்று அம்மா எட்டு மணி வரை தூங்குவார், அப்பா உட்பட யாரும் பக்கத்தில் போக மாட்டோம். தோட்டத்தை விட்டு வந்து எவ்வளவோ வருஷமாகிவிட்டது, இப்போதும் நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். கூரையில் மழைச் சத்தம் கேட்டால் மட்டும் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார்.