செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு எஸ்எம்எஸ்

பர்மா பஜார் பக்கம் பழைய போன் வாங்குறீங்கன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடியே அந்த போன்ல *#06# அடிங்க, ஐஎம்இஐங்கிற, அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள நம்பர் வரும், உங்க போன்ல கேஒய்எம்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்புங்க. திருட்டுப் போச்சுன்னு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல பதிவான போனை ஐஎம்இஐ வச்சுதான் பிளாக் பண்றாங்க, அப்புறம் எந்த சிம் போட்டாலும் நெட்வொர்க் கிடைக்காது, அதனால பதில்ல பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட்னு வந்தா பேரமே பேசாம நகந்துடுங்க. பதில்ல வர்ற மாடலும் கையில இருக்கற மாடலும் ஒண்ணான்னு பாக்கணும், இது ரொம்ப முக்கியம்.

ஆனா பறிகொடுத்தவங்க இன்னும் பதிவு பண்ணலைன்னா இதுல தெரியாது, அதனால பில் கண்டிப்பா கேளுங்க. பேட்டரி, டிஸ்ப்ளே நிலவரத்துக்கும் இது உதவாது.