புது லெஸ் பாலைக் கெடுக்கும் அவசரங்கள்

கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க இன்று சில லட்சம் ரூபாய் ஆகிறது. அவ்வளவு கொடுத்த பிறகு, கைக்கு வரும்போதே எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அது மரம். அமெரிக்காவின் நாஷ்வில் தொழிற்சாலையில் சரிபார்த்த நெக் (தந்திகள் ஓடும் நீண்ட கழுத்து), கடல் தாண்டி வந்து, கிடங்கில் கிடந்து, சென்னைப் புழுக்கத்தைச் சந்திக்கும்போது கொஞ்சமாவது அசைந்திருக்கும். இதைக் குறைபாடு என்று நினைத்து முதல் நாளே ரெஞ்சைக் கையில் எடுப்பதுதான் முதல் தவறு. கிட்டாரை ஒரு வாரமாவது நீங்கள் வாசிக்கும் அறையிலேயே வைத்து வாசியுங்கள். நெக் ஓரளவு நிலைபெற்ற பிறகு அளந்து பார்த்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம் உண்டு.

இரண்டாவது, ட்ரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியைத் திருகி ஆக்‌ஷனைக் (தந்தியின் உயரத்தைக்) குறைக்கப் பார்ப்பது. இந்தத் தவறை எத்தனை முறை சொன்னாலும் தகும். ட்ரஸ் ராடின் வேலை நெக்கின் வளைவைச் சரிசெய்வது மட்டும்தான். தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகளில் முதலாவதில்) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ போட்டு, உடலோடு நெக் சேரும் இடத்தில் தடித்த ஈ (E) தந்தியை அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் நெக்கைத் தொடவே வேண்டாம். அளக்க ஃபீலர் கேஜ் போதும்; பைக் மெக்கானிக்குகள் டேப்பட் பார்க்கப் பயன்படுத்துவதுதான், எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். இடைவெளி அதிகமென்றால் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருகி, மறுபடி ட்யூன் செய்து, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். ட்ரஸ் ராடின் திருகு நட்டு இறுக்கமாக எதிர்த்தால் பலம் காட்ட வேண்டாம். அங்கே உடைந்தால் செலவு கிட்டார் விலையையே நினைவூட்டும்.

வளைவு சரியான பிறகுதான் பிரிட்ஜ் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஈ சுமார் 2 மி.மீ., மெல்லிய ஈ சுமார் 1.2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். அதற்கும் அப்புறம்தான் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்கச் செய்வது), அதுவும் புதுத் தந்தியில். தேய்ந்த தந்தியை வைத்து, பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் சேடிலை நகர்த்துவது வீண் வேலை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிடச் சுருதியில் ஏறி நின்றால் சேடிலை நெக்கிலிருந்து பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் முன்னால் கொண்டுவாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கலையும். பழக்கமான 10 தடிமன் தந்திக்குப் பதிலாக (மெல்லிய ஈ 0.010 அங்குலம்) இன்னும் மெல்லிய 9 தடிமன் தந்தி போட்டாலும் இழுவிசை குறைந்து நெக் பின்னால் சாயும். அதாவது எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது ஜி (G) தந்தி, மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவது. லெஸ் பால் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்: ஒரு பெண்ட் போட்டதும் (தந்தியைப் பக்கவாட்டில் இழுத்ததும்) ஜி தந்தி சுருதி விலகிவிடும். உடனே ட்யூனிங் கீகளைக் குறை சொல்லி, விலை அதிகமான, தந்தியைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் கீகளை வாங்கி மாட்டுகிறார்கள். பல நேரம் கீ குற்றவாளியே அல்ல. கீகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது. போதாததற்கு டி, ஜி தந்திகள் இரண்டும், நெக்கின் முனையில் தந்திகள் பள்ளங்களில் அமரும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டிலும் திரும்புகின்றன. நட் பள்ளம் கொஞ்சம் குறுகலாக இருந்தாலும் தந்தி அங்கே சிக்கி நிற்கும். கீயைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அதுதான் அடையாளம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் நட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பள்ளத்தை இழைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அரத்தை எடுக்க வேண்டாம். பள்ளம் ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற நேரிடும். ட்யூன் செய்யும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துவதும் உதவும்.

தந்தி மாற்றும்போது ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். பல லெஸ் பால்களில் பிரிட்ஜும், தந்தியின் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸும் தந்தியின் இழுப்பால்தான் இடத்தில் நிற்கின்றன. எல்லாம் கழன்றால் அவை நழுவி மேப்பிள் டாப்பில் (கிட்டாரின் முன்பக்கப் பலகையில்) விழும், கீறலும் விழும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அல்லது முதலில் டாப்பின் மேல் துணி விரித்துவிடுங்கள்.

பூச்சு விஷயத்தில் இந்தக் கிட்டார் கொஞ்சம் மென்மையானது. கிப்சன் பூசுவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். சாதாரண ரப்பர் ஸ்டாண்டில் நாள்கணக்கில் சாய்த்து வைத்தால் ரப்பரில் உள்ள ரசாயனம் லாக்கரோடு வினைபுரிந்து கறையும் பிசுபிசுப்பும் ஏற்படும். நைட்ரோவுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லி விற்கும் ஸ்டாண்டை வாங்குங்கள், இல்லையென்றால் கேஸிலேயே வையுங்கள். சிலிக்கான் கலந்த பாலிஷும் வேண்டாம். பிற்காலத்தில் லாக்கரைச் சரிசெய்ய நேர்ந்தால் புதுப் பூச்சு ஒட்டாது. வாசித்து முடித்ததும் மென்மையான பருத்தித் துணியால் வியர்வையைத் துடைத்தாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது. ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை சில சொட்டு எண்ணெய் போதும். ஃப்ரெட்டைப் பளபளப்பாக்க ஸ்டீல் உல் பயன்படுத்தினால் அதன் இரும்புத் துகள், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பிக்கப்பை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் இது எளிதில் 80ஐத் தாண்டும். கேஸுக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல் பைகளும் போடுங்கள். பைகள் ஈரம் குடித்து நிறைந்ததும் மாற்றுங்கள்.