கடலுக்குப் போகிறவர் காசநோய் மாத்திரையைச் சாப்பிடும் முறை

ராமேஸ்வரத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் விசைப்படகு ஏறுகிறவர் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் கரை திரும்புகிறார். தினமும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்க வேண்டும் என்று அவரிடம் சொன்னால் மட்டும் போதாது; அந்த நேரம் எது என்பதைப் படகை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கரையில் இருந்தாலும் கடலில் இருந்தாலும் விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிடும் என்பதால், எழுந்தவுடன் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, தேநீருக்கு அரைமணி நேரமாவது காத்திருப்பது நல்லது. கீழக்கரைப் பக்கம் நோன்பு வைக்கிறவர்கள் விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவுக்கு முன்பே விழுங்கலாமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் கூட்டு மாத்திரையாகத் தரப்படுகின்றன. எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது. வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே பெருமளவு அழித்துவிடுவதால், சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து, இருமல் குறைந்து, பசி திரும்புகிறது. நோய் போய்விட்டது என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். உள்ளே மெதுவாக உயிரோடு கிடக்கும் கிருமிகளை ரிஃபாம்பிசின் நாள்பட அழிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மருந்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை, ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துப் பார்த்து 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது: முதலில் தேறியவர்கள் பலரிடம் கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் போனது. நான்கு மருந்து சேர்ந்த இந்த முறையில் உலக அளவில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை வெற்றி பெறுகிறது.

சாப்பாட்டில் ஒரு விஷயம் இந்தக் கரைக்கே உரியது. சூரை, காணாங்கெளுத்தி, சூடை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். குழம்பு கொதித்தாலும், கருவாடாகக் காய்ந்தாலும் அது போகாது. அதை உடலில் முறிக்கும் நொதியை ஐசோனியாசிட் தடுப்பதால், சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியது சூரையைத்தான். 6 மாதமும் புதிதாகப் பிடித்த நகரை, விளமீன் போதுமே! மூச்சு முட்டினால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதைத் தவிர்க்கவும். உப்புக்காற்றின் ஈரம் அதைக் கெடுக்கும் என்பதால், தேவையான அளவுக்கு அட்டையைக் கத்தரித்து, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, எஞ்சின் சூடு படாத இடத்தில் மாட்டுங்கள். படகு பழுதாகி நின்றாலும் சமாளிக்க இரண்டு நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவையே சாப்பிட வேண்டும், இரட்டிப்பாக வேண்டாம். விட்டதை மருந்து தருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால் வருவது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கண் மஞ்சளித்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் பார்வை மங்கினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போனால் பி6 மாத்திரை தருவார்கள். இந்த மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால், மது அதை இன்னும் கெடுக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன்பே நிக்ஷய் என்ற அரசின் காசநோய் இணையப் பதிவேட்டில் உள்ள தங்கள் பதிவை அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கு மாற்றச் சொன்னால், அங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம்.