கிளிப் போடும் முன் உங்கள் சிரிப்பை அளந்து பாருங்கள்

பல் வரிசையானால் சிரிப்பும் அழகாகிவிடும் என்று நம்பித்தான் பலர் கிளிப் போட வருகிறார்கள். வரிசை பாதிதான். சிரிக்கும்போது பல் எவ்வளவு தெரிகிறது, எந்த வளைவில் தெரிகிறது, ஈறு எவ்வளவு தெரிகிறது என்பதெல்லாம் மீதி. அதைக் கம்பி ஏறும் முன்பே டாக்டரிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, போனை வாய் மட்டத்தில் நேராக வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கீழிருந்து எடுத்தால் பல் வளைவு தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். முதலில் "அம்மா" என்று சொல்லி உதட்டைத் தளர விடுங்கள். இளவயதில் மேல் முன்பல் 2 முதல் 4 மி.மீ. வரை வெளியே தெரியும். வயது ஏற ஏறக் குறையும். இப்போதே பல் தெரியவில்லை என்றால், அதை மேலேற்றும் சிகிச்சை முகத்தை முதுமையாகக் காட்டும்.

அடுத்து, போட்டோவுக்குச் சிரிப்பது போலச் சிரியுங்கள். மேல் பற்களின் விளிம்பு கீழ் உதட்டின் வளைவை ஒட்டியே போக வேண்டும். கிளிப் சிகிச்சையில் அதிகம் கெடுவது இதுதான். முன்பல், கோரைப்பல் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் பிராக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) ஒட்டினால் வளைவு தட்டையாகிவிடும். நடு முன்பற்களில் கொஞ்சம் ஈறுப் பக்கமாகத் தள்ளி ஒட்டினால் அவை கீழிறங்கி வளைவு நிற்கும். அரை மில்லிமீட்டரே வித்தியாசம் காட்டும் என்பதால், "என் சிரிப்பு வளைவைப் பார்த்து ஒட்டுவீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஈறு 2 மி.மீ. வரை தெரிவதில் குறையில்லை. 4 மி.மீ. தாண்டினால் கண்ணில் படும். அதற்குக் காரணம் பல்லா, ஈறு பல்லை மூடியிருப்பதா, உதடு அதிகம் தூக்குவதா, தாடை எலும்பின் நீளமா என்று முதலில் தெரிய வேண்டும். தாடை நீளத்தைக் கிளிப் மட்டும் சரிசெய்யாது. இரண்டு நடு முன்பற்களுக்கும் இடையிலான நடுக்கோடு முகத்தின் நடுவிலிருந்து 2 மி.மீ. விலகியிருந்தால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பல் சாய்ந்து நின்றால் உடனே தெரியும். தெத்துப்பல்லை நம் பக்கம் அழகென்றே சொல்வார்கள். கடிக்கும் முறை கெடாமல், அந்த இடுக்கில் பிரஷ் நன்றாகப் போகுமானால் அதை விட்டுவைக்கலாம். விருப்பத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒகேனக்கல் குடிநீர் 2013-ல் வரும் முன், பல ஊர்களில் ஃப்ளோரைடு மிகுந்த போர் தண்ணீர்தான் குடித்தார்கள். லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போனால் அது குடிக்கத் தகுந்ததல்ல. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல் உருவாகும் சின்ன வயதில் அதைக் குடித்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை நிற்கிறது.

அந்த எனாமலில் ஒட்டுவதற்கு முன் தடவும் அமிலம் சரியாகப் பிடிக்காது. பிராக்கெட் அடிக்கடி பெயர்ந்து, மாதங்கள் வீணாகும். மேல்பரப்பை லேசாக உராய்ந்துவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் விட்டு ஒட்டச் சொல்லுங்கள். பல்லை வெளுப்பாக்கும் ப்ளீச்சிங்கைக் கிளிப் கழற்றிய பின் வைத்துக்கொள்வது நல்லது. முன்பே செய்தால் குறைந்தது 2 வாரம் இடைவெளி விட்டே ஒட்ட வேண்டும். ப்ளீச் செய்த முதல் நாட்களில் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஆழமான பழுப்புக்கு உராய்வு முறையோ, பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய உறையான வெனீரோ தேவைப்படும்.

கறைக்குப் பயந்து ஃப்ளோரைடு பேஸ்ட்டை நிறுத்துவோர் இங்கே நிறைய. பெரியவர்களுக்குப் பேஸ்ட்டால் அந்தக் கறை வராது. மாறாக, கிளிப் சமயத்தில் அதை விட்டால் பிராக்கெட்டைச் சுற்றிச் சொத்தையின் வெள்ளைத் தழும்பு விழும். காலையும் இரவும் ஈறு ஓரத்தில் பிரஷைச் சாய்த்து 2 நிமிடம் தேய்க்க வேண்டும்.

கம்பி இறுக்கிய 3, 4 நாள் வலிக்கும். ராகிக் களியும் கீரைக் குழம்பும் அப்போது கைகொடுக்கும். மாங்காயைக் கடிக்காமல் மெல்லிய கீற்றாக நறுக்கித் தின்னுங்கள். கரும்பு, கடலை மிட்டாய் வேண்டவே வேண்டாம். கழற்றிய பின் டாக்டர் சொல்லும் காலம் வரை பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிடெய்னரைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும். முதலில் திரும்புவது பெரும்பாலும் கீழ் முன்பற்களே.